இடுப்பைக் கட்டிய கதை: கொர்செட் முதல் வெயிஸ்ட் டிரெய்னர் வரை

 

இது நீண்ட பதிவு. நேரம் இல்லாதவர்களுக்காக விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "டீச்சர், இந்த வெயிஸ்ட் டிரெய்னர் கட்டினா இடுப்பு குறையுமா?" என்று பழைய மாணவிகள் பலர் கேட்டுவிட்டார்கள். குறையும், கழற்றும் வரைக்கும். கழற்றினால் இருந்த இடத்துக்கே வந்துவிடும். இதற்கு மேல் வேண்டாம் என்பவர்கள் இத்தோடு போகலாம், கோபமில்லை.

நாம் வைத்தியர் இல்லை. பதுளையில் வரலாறு படிப்பிக்கிறோம். ஆனால் இந்தப் பொருள் வரலாற்றுப் பாடத்துக்கும் சொந்தமானது. இடுப்பை இறுக்குவதும், இடுப்பைப் பெருக்குவதும், இடுப்பில் எதையாவது கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதும் நம் ஊவா மலைகளில் இருநூறு வருடமாக நடந்து வருகிற விஷயம்.

முதலில் நம் தமிழைப் பாருங்கள். வயிற்றைக் கட்டுவது என்றால் நமக்கு அது அழகு வேலை இல்லை. "வாயைக் கட்டி வயித்தைக் கட்டித்தான் டீச்சர் இவனைப் படிக்க வைக்கிறேன்" என்று தோட்டத்துத் தாய்மார் பெற்றோர் கூட்டத்தில் சொல்வார்கள். நம் பக்கத்திலும் அப்படித்தான். ஹிஜ்ரி 5இல் மதீனாவைச் சுற்றி அகழ் வெட்டியபோது பசி தாங்காமல் வயிற்றில் கல்லை வைத்துக் கட்டிக்கொண்டார்கள் என்பதை மதரஸா போன பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஈரத் துணியை வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்த கதை எந்த லயத்திலும் கிடைக்கும். கட்டிய வயிறு எங்களுக்குப் பசித்த வயிறு.

அதனால்தானோ என்னவோ, இந்த நாட்டின் பழைய பெரிய மனிதர்கள் இடுப்பைச் சிறுக்கவில்லை, பெருக்கினார்கள். 1815 வரை ஊவா கண்டி இராச்சியத்தின் ஒரு பகுதி, இங்கே திசாவை ஆட்சி செய்தார். அந்தக் காலக் கண்டிப் பிரதானிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நீள நீளமான துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக இடுப்பில் சுற்றி, மேலே அகலப் பட்டி போட்டு, வயிறு முன்னால் தள்ளி நிற்கும்படி உடுத்துவார்கள். இன்றும் பெரஹராவில் நிலமேமாரிடமும் கண்டிய முறைக் கல்யாண மாப்பிள்ளையிடமும் அந்த உடையைக் காணலாம். ஒல்லியான மாப்பிள்ளைக்கும் அன்று ஒரு தொந்தி வந்துவிடும். சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீடு என்று ஊருக்குக் காட்டுகிற உடுப்பு அது என்பது நம் எண்ணம்.

அந்த உலகம் எப்படி முடிந்தது என்று பத்தாம் தரப் பிள்ளைக்குத் தெரியும். 1817 ஒக்டோபரில் வெல்லஸ்ஸைப் பகுதிச் சோனகர்களுக்கு ஆங்கிலேயர் முஹாந்திரமாக நியமித்த ஹாஜி மரைக்கார் கிளர்ச்சியாளர்களிடம் அகப்பட்டார். என்ன நடக்கிறது என்று பார்க்கப் போன பதுளையின் உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சன் அம்பு பட்டு இறந்தார். அடக்கப் போன திசாவை கெப்பெட்டிபொல கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்து, 1818 நவம்பரில் தலை துண்டிக்கப்பட்டார். அடக்குவதற்கு ஆங்கிலேயர் எடுத்த வழி வயிற்றில்தான் கை வைத்தது. வயல்களை எரித்தார்கள், நீர்ப்பாசனத்தை உடைத்தார்கள், மாடுகளைக் கொன்றார்கள். ஊவாவின் வயிறு அன்று கட்டப்பட்டது.

பிறகு மலைகளில் கோப்பி வந்தது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில்தான் கோப்பி இலையில் துருநோயை முதன்முதலில் கண்டார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலையோடு துரைமார் பங்களாக்கள் நிறைந்தன, துரைமாரோடு துரைசானிகளும் வந்தார்கள். துரைசானிகள் உடுப்புக்கு உள்ளே கட்டியிருந்த பொருள்தான் இன்றைய கதையின் நாயகி.

கொர்செட் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரண்மனைகளில் பரவியது. முதலில் அது இடுப்பைச் சிறுக்க வந்ததல்ல. உடம்பின் மேல்பாகத்தைத் தட்டையாக, நிமிர்வாக நிறுத்துவதற்குத் துணிகளுக்கு இடையில் விறைப்பான எதையாவது வைத்துத் தைத்தார்கள். அதிகம் வைத்தது திமிங்கிலத்தின் 'எலும்பு'. பெயர்தான் எலும்பு. உண்மையில் சில வகைத் திமிங்கிலங்களின் வாயில் பல்லுக்குப் பதிலாக வடிகட்டிபோல் தொங்கும் தகடு அது, நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள். வளையும், முறியாது.

இடுப்பைக் கொடூரமாக இறுக்குவதற்குத் தொழில்நுட்பம் வர வேண்டியிருந்தது. வெறும் துணியில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து இழுத்தால் ஓட்டை கிழிந்துவிடும். 1828 அளவில் ஓட்டையைச் சுற்றி உலோக வளையம் போடும் முறை வந்தது. சப்பாத்து நாடா கோக்கும் ஓட்டையில் இன்றும் இருக்கிறதே, அதே வளையம். இனி எவ்வளவு பலமாக இழுத்தாலும் துணி தாங்கும், தாங்க வேண்டியது உள்ளே இருக்கும் உடம்புதான். முன்பக்கம் கொக்கி போட்டுத் திறக்கும் உருக்குத் தகடும் தையல் மெசினும் சேர்ந்தபோது கொர்செட் சீமாட்டியை விட்டு இறங்கி ஆலைத் தொழிலாளிப் பெண்ணுக்கும் வந்து சேர்ந்தது.

16 அங்குல இடுப்பு, 14 அங்குல இடுப்பு என்று இன்றைய வீடியோக்களில் ஓடும் கதைகளை அப்படியே நம்பாதீர்கள். அரும்பொருளகங்களில் மிஞ்சியிருக்கும் கொர்செட்டுகளை அளந்து பார்த்த ஆய்வாளர்கள் உண்டு. உடை வரலாற்றாசிரியர் வலரி ஸ்டீல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரும்பாலானவை 20 முதல் 26 அங்குலம்தான். அதையும் முதுகுப் பக்கம் ஓரிரு அங்குலம் இடைவெளி விட்டுத்தான் கட்டினார்கள். அன்றைய விளம்பரமும் இன்றைய விளம்பரம்போலத்தான் பொய் சொல்லியிருக்கிறது.

எச்சரிக்கை சொன்னவர்கள் அன்றே இருந்தார்கள். ஜேர்மனிய உடற்கூற்றியலாளர் சோமரிங் 1788இலேயே இறுக்கிக் கட்டுவதால் உள்ளுறுப்புகளுக்கு வரும் கேட்டைப் பற்றி எழுதினார். பிரேத பரிசோதனை செய்தவர்கள் ஈரலின் மேல் விலா எலும்பு அழுத்திய பள்ளங்களைக் கண்டு, 'நாடா கட்டிய ஈரல்' என்றே பெயர் வைத்தார்கள். 1881இல் லண்டனில் பெண்களே கூடி, உடை பகுத்தறிவோடு இருக்க வேண்டும் என்று சங்கம் அமைத்தார்கள். எக்ஸ்-ரே 1895இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1908இல் பாரிஸ் வைத்தியர் ஓஃபோலோவெல் கொர்செட் கட்டிய பெண்களை அதில் படமெடுத்தார். கீழ் விலாக்கள் உள்நோக்கி ஒடுங்கியிருப்பது அந்தப் படங்களில் தெரிகிறது. சுவாரசியம் என்னவென்றால் அவர் கொர்செட்டின் எதிரி அல்ல, அளவோடு கட்டுங்கள் என்பதே அவர் கட்சி.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் வெள்ளைக்காரப் பெண்கள் வெப்ப நாடுகளில்கூட அதைக் கழற்றவில்லை. பதுளை 680 மீற்றர் உயரம்தான். மார்ச் மாத மதியத்தில் இங்கே என்ன வெக்கை என்று நமக்குத் தெரியும். அந்த வெக்கையில் உருக்குத் தகடு வைத்த துணியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு மானப் பிரச்சினைதான் காரணம். கொர்செட் இல்லாத உடம்பு ஒழுக்கம் இல்லாத உடம்பு, சுதேசி உடம்பு என்பது அவர்கள் எண்ணம்.

துரைசானியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் துரையையும் பார்க்க வேண்டும். அவரும் இடுப்பில் ஒன்று கட்டியிருந்தார். அதற்குக் 'கொலரா பெல்ட்' என்று பெயர். கம்பளித் துணியாலான அகலப் பட்டி. வயிறு குளிர்ந்தால்தான் வாந்திபேதி வரும் என்று நம்பி, கிழக்கு நாடுகளுக்கு வரும் சிப்பாய்களும் அதிகாரிகளும் கட்டிக்கொண்டார்கள். கெட்ட தண்ணீரால் கொலரா வருகிறது என்று ஜோன் ஸ்னோ 1854இல் லண்டனில் காட்டிவிட்டார். 1884இல் கொஹ் அந்தக் கிருமியையே அடையாளம் காட்டினார். பட்டி மட்டும் போகவில்லை, 20ஆம் நூற்றாண்டுக்குள்ளும் வந்தது. படித்தவன் கட்டினால் மூடநம்பிக்கைக்குக்கூட ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அந்தக் காலத்திலேயே மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த எங்கள் தோட்டத்து மக்களின் முன்னோர், நல்ல தண்ணீர் இல்லாமல் அதே கொலராவில் வழியெங்கும் விழுந்து செத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பட்டி அல்ல, கொதிக்க வைத்த தண்ணீர்.

அவர்களின் பேத்திகள் கட்டிய இடுப்புப் பட்டி வேறு. பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎல, தெமோதரை என்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கொழுந்தெடுக்கும் பெண்கள் சேலைக்கு மேலே இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டியிருப்பார்கள். பனியில் நனைந்த தேயிலைச் செடிக்குள் இடுப்பை நுழைத்து நிற்கிற வேலை. படங்கு இல்லாவிட்டால் ஈரமும் கவாத்து வெட்டிய குச்சியும் வயிற்றைக் கிழித்துவிடும். அது நழுவாமல் இருக்க மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். "கட்டினாத்தான் டீச்சர் இடுப்பு நிக்கும்" என்று ஓய்வுபெற்ற ஓர் அக்கா நமக்குச் சொன்னார். முதுகுக்குத் தாங்கலாக இருந்தது என்பது அவர் அனுபவம், அதை மறுக்க நாம் யார். ஆனால் பாரம் தூக்குவோர் கட்டும் முதுகுப் பட்டிகளைப் பற்றி அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994இல் அறிக்கை வெளியிட்டது. நோயில்லாத தொழிலாளிக்கு முதுகுக் காயம் வராமல் அந்தப் பட்டி தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. பாரத்தைக் குறைக்காமல் பட்டியைக் கொடுப்பதில் யாருக்கு இலாபம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இனி நம் வீடுகளுக்குள் வருவோம். பிள்ளை பெற்ற தாய்க்கு வயிறு கட்டுவது தமிழர், சோனகர், சிங்களவர் எல்லோர் வீட்டிலும் இருந்த பழக்கம். மலாய்க் குடும்பங்களில் அதற்கு 'பெங்குங்' என்று பெயர். இடுப்பிலிருந்து மார்புக்குக் கீழ் வரை நீளத் துணியை முடிச்சுப் போட்டுப் போட்டுச் சுற்றும் தனிக் கலை அது. எங்கள் உம்மம்மாமார் பழைய சேலையை நீளவாக்கில் மடித்துக் கட்டினார்கள். பச்சை உடம்புக்காரிக்குச் சரக்கு அரைத்துக் கொடுத்து, நாற்பது நாள் வரை கட்டு. நாற்பது கழிந்து பார்த்தால் வயிறு இறங்கியிருக்கும். கட்டினதால் இறங்கியது என்று எல்லோரும் நம்பினார்கள்.

விஷயம் இதுதான். பிள்ளை பிறந்ததும் கருப்பை தானாகவே சுருங்கத் தொடங்குகிறது. இரண்டு கிழமையில் வயிற்றைத் தொட்டால் தட்டுப்படாத அளவுக்கு இடுப்பெலும்புக்குள் போய்விடுகிறது. ஏறத்தாழ ஆறு கிழமையில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. ஆறு கிழமை என்றால் நாற்பத்திரண்டு நாள். கருப்பை செய்த வேலைக்குத் துணி பேர் வாங்கிக்கொண்டது. கட்டாத தாய்க்கும் அந்த வேலை நடந்திருக்கும்.

அதற்காக உம்மம்மாவைக் குறை சொல்ல மாட்டோம். அவர் கட்டிய துணிக்கு வேறு பயன் இருந்தது. தொய்ந்துபோன வயிற்றுத் தசைக்குக் கொஞ்ச நாள் தாங்கல் கிடைத்தது. கட்டு இருக்கிற வரைக்கும் அவளைத் தண்ணீர் அள்ள, விறகு தூக்க யாரும் அனுப்ப மாட்டார்கள். அந்தக் கட்டு ஓய்வுச் சீட்டுப் போல. தோட்டத்தில் அந்தச் சீட்டு எல்லோருக்கும் செல்லுபடியாகவில்லை. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆனால் மூன்றாம் பிள்ளையிலிருந்து விடுமுறை பாதியாகக் குறையும் நிலை 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை இருந்தது. மூன்றாவது பெற்றவள் ஆறு கிழமையில் வயிற்றைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஏறினாள்.

இன்று சிசேரியன் செய்த தாய்மாருக்கு வயிற்றுப் பட்டி பரிந்துரைக்கும் வைத்தியர்கள் உண்டு. முதல் சில நாட்கள் வலி குறைந்து, எழுந்து நடக்க இலகுவாக இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதன் வேலை அவ்வளவுதான், வயிற்றைக் கரைப்பது அதன் வேலை அல்ல. வாங்குவதென்றால் கிளினிக்கில் மருத்துவமாதுவிடமோ வைத்தியரிடமோ கேட்டு, மென்மையான, அகலமான பட்டியாக வாங்குங்கள். மிக இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடித்தசையைத் தள்ளும். தும்மினால் சிறுநீர் கசிவதும் கருப்பை இறங்குவதும் அந்தத் தசையின் பலவீனத்தால் வருபவை. நம் பெண்கள் இதை வெளியில் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

இப்போது டிக்டொக்கில் வருவது வேறு பொருள். இறப்பர் கலந்த துணி, முன்னால் மூன்று வரிசைக் கொக்கி. தென்னமெரிக்காவில், குறிப்பாகக் கொலம்பியாவில், நீண்ட காலமாக இருந்தது. 2014 அளவில் கிம் கர்தாஷியன் போன்றவர்கள் படம் போட்டதும் உலகமெல்லாம் பரவியது. இதைக் கட்டினால் வியர்க்கும். வியர்வையில் போகிற நிறை தண்ணீர் நிறை, இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். இரைப்பை நசுங்கி இருப்பதால் சாப்பாடு குறையும், அதனால் சிலருக்குக் கொஞ்சம் மெலிவு உண்மையாகவே வரும். கழற்றியதும் பசியும் திரும்பும். கொழுப்பைக் கயிறு கட்டிக் கரைக்க முடியாது.

நாம் கண்ட ஒரு சம்பவம். பிள்ளை யாரென்று தெரியாதிருக்க வகுப்பையும் வருடத்தையும் சொல்லவில்லை. இடைவேளைக்குப் பிறகு தினமும் மேசையில் தலை வைத்துப் படுக்கும் மாணவி. கேட்டால் நெஞ்செரிவு, தலைசுற்று என்பாள். ஒரு நாள் காலைக் கூட்டத்தில் விழுந்துவிட்டாள். சீருடையைத் தளர்த்தப் போனபோது உள்ளே அந்தப் பட்டி. காலை ஏழு மணியிலிருந்து கட்டியிருக்கிறாள். காலைச் சாப்பாடும் இல்லை. அவளுடைய ராத்தாவின் கல்யாணத்துக்குள் இடுப்பு வர வேண்டுமாம். இரத்தம் பரிசோதித்தபோது இரும்புச்சத்துக் குறைவும் தெரிந்தது. துரைசானிகளின் காலத்தில் அவர்கள் ஊர் இளம்பெண்களிடையே 'பச்சை நோய்' என்று ஒன்று பரவியிருந்தது. முகம் வெளிறும், மூச்சு வாங்கும், மயக்கம் வரும். கொர்செட்டையும் அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். அடியில் இருந்தது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். ஏற்கெனவே இரத்தம் குறைந்த பிள்ளை மூச்சையும் இறுக்கினால் என்ன ஆகும் என்பதை அந்தக் காலை கண்டோம்.

"கட்டினால் எலும்பே மாறாது என்றால், முதுகு வளைந்த பிள்ளைகளுக்கு ஏன் டொக்டர் பட்டி போடுகிறார்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் நோய்க்குப் போடும் விறைப்பான பட்டி உண்மையாகவே வேலை செய்கிறது. 2013இல் வெளியான அமெரிக்க, கனேடிய ஆய்வில் பட்டி அணிந்தவர்களில் 72 சதவீதமானோருக்கு வளைவு சத்திரசிகிச்சை அளவுக்குப் போகவில்லை. அணியாதவர்களில் அது 48 சதவீதம். அது வேலை செய்வதற்குக் காரணம் பிள்ளை இன்னும் வளர்வதுதான். வைத்தியர் எக்ஸ்-ரே பார்த்து, அந்தப் பிள்ளையின் உடம்புக்கே அளந்து செய்கிற பட்டி அது. வளரும் எலும்பு அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும் என்றால், ஒன்லைனில் 'எம்' சைஸ் பார்த்து வாங்கிய பட்டிக்கும் அது வளைந்து கொடுக்கும். பாடசாலைப் பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம் என்று நாம் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சேலை கட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. 2024இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் இந்திய வைத்தியர்கள் இரண்டு வயதான பெண்களைப் பற்றி எழுதினார்கள். பல வருடமாக இடுப்பின் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதால் தோல் உராய்ந்து, கறுத்து, ஆறாத புண்ணாகி, கடைசியில் தோல் புற்றுநோயானது. ஒருவருக்கு உள்பாவாடை நாடா, மற்றவருக்கு இறுக்கிச் சுற்றிய சேலையே. அரிதான நோய், பயப்பட வேண்டாம். ஆனால் இடுப்பில் கறுத்த வளையம் இருப்பவர்கள், படங்குக் கயிறு கட்டியவர்கள், நாடாவை அகலமாக்கி, கட்டும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி, ஆறாத புண் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் கல்யாணத்துக்கு ஒரு நாள் கட்டத்தான் போகிறோம் என்பவர்கள் இருப்பார்கள். சரி, கட்டுங்கள். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டு அதன் மேல் கட்டுங்கள், வெறும் தோலில் இறப்பர் வேண்டாம். இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். ஆழமாக மூச்சு இழுத்து, ஒரு வசனத்தை நிறுத்தாமல் சொல்ல முடிய வேண்டும். எங்கள் பெண்களுக்கு இன்னொரு சோதனை உண்டு: ருகூஃவும் சுஜூதும் சிரமமில்லாமல் செய்ய முடியாவிட்டால் அது அளவுக்கு மீறிய இறுக்கம். பிரியாணிக்கு உட்காரும் முன் கழற்றிவிடுங்கள். அதைக் கட்டிக்கொண்டு தூங்குவதும் உடற்பயிற்சி செய்வதும் கூடாது. தொடையின் வெளிப்பக்கம் மரத்தாலோ, நெஞ்சு எரிந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே கழற்ற வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், ஆஸ்துமா, குடலிறக்கம், நெஞ்செரிவு உள்ளவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குக்கூடத் தொட வேண்டாம்.

அடுத்த தவணைக்கு ஊவாப் பெண்களின் உடைகளைப் பற்றி மாணவிகளோடு ஒரு சிறு கண்காட்சி வைக்க எண்ணியிருக்கிறோம். உங்கள் வீட்டில் உம்மம்மாவோ அம்மாயியோ வயிறு கட்டிய பழைய துணி, மலாய்க் குடும்பத்துப் பெங்குங், அந்தக் காலப் படங்கு ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எத்தனை முழம், யார் கட்டிவிட்டார்கள், எத்தனை நாள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். துணியை வாங்கிக்கொள்ள நாமே வீட்டுக்கு வருகிறோம்.